முதலில் வெளியே வருவது

படியேறி வருகிறவர்களைக் காலடிச் சத்தத்தை வைத்தே எடைபோட்டுவிடலாம் என்று கொழுந்தனாருக்கு ஒரு நினைப்பு. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் அண்ணி துப்பறியும் தொழிலை ஆரம்பித்த நாளிலிருந்து இந்தத் திறமையை அவர் விடாமல் காட்டி வருகிறார். ஒரு தடவைகூடச் சரியாக வந்ததில்லை. அதற்காக அவர் மனம் தளர்ந்ததும் இல்லை.

"கனமான நடை. ஆம்பளை. சொத்துத் தகராறு," என்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது ஒல்லியான ஒரு பெண். அழுது முடித்த முகம். தோளில் ஒரு பெரிய பை. லேப் வாசலில் எடுத்து வைத்திருந்த தன் சாமான்களை எல்லாம் அதில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கனம் பையில்தான் இருந்தது.

அண்ணி நாற்காலியைக் காட்டினார். அவர் முன்பு காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் கதைகளைக் கேட்கும் வேலையில் இருந்தவர். பொய் சொல்கிறவர்கள்மேல் அவருக்குப் பெரிதாகக் கோபம் கிடையாது. அரைகுறையாகப் பொய் சொல்கிறவர்களைத்தான் சகிக்க முடியாது. சிரமப்படாமல் அடுத்தவரை ஏமாற்றிவிடலாம் என்று நினைப்பதைவிடப் பெரிய அவமரியாதை வேறில்லை என்பது அவர் கட்சி.

"சொல்லுங்கம்மா."

"என்னைத் திருடின்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன் மேடம். ஒரு வருஷ வேலையே பொய்யின்னு சொல்றாங்க," என்றாள் அந்தப் பெண். "நாளைக்கு மத்தியானம் கமிட்டி. என்னை வெளிய அனுப்பிடுவாங்க. ரிசல்ட்டைப் போலியாப் பண்ணினவன்னு பேர் வந்துட்டா, அப்புறம் எந்த லேப்லயும் என்னை வாசப்படி மிதிக்க விட மாட்டாங்க."

"அந்த வேலை என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்கோங்க. இவருக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மியாத் தெரியும்."

கொழுந்தனார் இதைக் காதில் வாங்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

அவள் சொன்னாள். ரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொண்டால் அதைக் கரைக்கக்கூடிய ஒரு புரதம். உருவத்தில் சின்னது. அதை ஒரு நுண்ணுயிருக்குள் வளர்க்கிறார்கள். நுண்ணுயிரை உடைத்தால், வேண்டாத புரதங்கள் ஒரு கூட்டமாகக் கூடவே வந்துவிடும். அந்தக் கூட்டத்திலிருந்து நமக்கு வேண்டியதை மட்டும் பிரிக்கும் வித்தைக்குத்தான் குரோமட்டோகிராஃபி என்று பேர்.

"கண்ணாடிக் குழாய்ல பொடி மணிகளை நிரப்பி, மேலேர்ந்து ஊத்துவோம். ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு விதமாப் பிரிக்கும். எல்லாம் முடிச்சிட்டேன். கடைசிக் குழாய் மட்டும்தான் பாக்கி. அது சைஸை வச்சுப் பிரிக்கிறது. என் புரோட்டீனோட பெரிய சைஸ் குப்பை கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. அதைக் கழிச்சிட்டா சுத்தம்."

"சல்லடை," என்றார் கொழுந்தனார், விஷயம் பிடிபட்டுவிட்ட சந்தோஷத்தில். "சின்னது முதல்ல விழுந்துடும். பெருசு மேல தங்கிடும்."

"எல்லாரும் அப்படித்தான் சார் நினைப்பாங்க. இது தலைகீழ். அந்த மணிகள்ல நுணுக்கமா ஓட்டை இருக்கும். பெருசு ஓட்டைக்குள்ள நுழைய முடியாது. அதனால மணிகளுக்கு நடுவுல நேரா இறங்கி முதல்ல வெளிய வந்துடும். சின்னது ஒவ்வொரு ஓட்டையா உள்ள போய்ப் போய் வரும். அதனால லேட்டாகும்."

"இவரைக் கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி," என்றார் அண்ணி. "நான் நேரா நடந்து தெருமுனைக்குப் போயிடுவேன். இவர் ஒவ்வொரு கடையா நுழைஞ்சு, விலை கேட்டு, ஒண்ணும் வாங்காம வெளிய வருவார். புரிஞ்சுது. மேல சொல்லுங்க."

போன வாரம் அவளுடைய அக்காவுக்குப் பிரசவம். போக வேண்டியதாகிவிட்டது. கடைசிக் குழாய்க்குப் போக வேண்டிய கலவையை ஒரு பாட்டிலில் ஊற்றி, தன் பேரை ஒட்டி, குளிர் அறை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

"எவ்வளவு இருந்துச்சு?"

"பாட்டில் அடியில ஒரு விரல் உசரம். அவ்வளவுதான். அதுக்கே ஒரு வருஷம் ஆச்சு."

"குழாய்?"

"கழுவிட்டுத்தான் போனேன். அடியில கழிவு பிடிக்கிற கேனையும் கொட்டி, கவுத்து வச்சுட்டேன். அங்க ஒரு மேடம் இருக்காங்க. அதைச் செய்யலைன்னா ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவாங்க."

அவள் இல்லாத நேரத்தில், மருந்துக் கம்பெனி ஒன்றிலிருந்து வருவதாக இருந்த விருந்தாளிகள் சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு வேலையைக் காட்ட முன்வந்தவர் இயக்குநருடைய மருமகன்; அந்தப் பிரிவுக்குத் தலைவரும் அவர்தான். லேபில் எல்லோரும் முகத்துக்கு நேராக 'சார்' என்றும், முதுகுக்குப் பின்னால் 'மாப்பிள்ளை' என்றும் சொல்லுவார்கள். அவர் அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை எடுத்துப் பால் தகட்டில் விட்டார். பாலை உறைய வைத்த மாதிரி வெள்ளையாக இருக்கும் அந்தத் தகட்டில் இந்தப் புரதம் பட்டால், அந்த இடம் மட்டும் கரைந்து கண்ணாடியாகத் தெளிய வேண்டும். தெளியவில்லை. விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் திரும்பி வந்தபோது லேப் கதவு அவளுக்குத் திறக்கவில்லை.

"இப்ப அந்தப் பாட்டில்ல என்ன இருக்காம்?"

"குப்பைதான் இருக்குன்னு சொன்னாங்க. எனக்குக் காட்டவே இல்ல."

"நீங்க வச்சது ரெண்டும் கலந்தது. இப்ப அதுல ஒண்ணுதான் இருக்கு," என்றார் அண்ணி மெதுவாக. "நாளைக்கு வரேன். நீங்களும் வாங்க. அழுது முடிச்சிட்டு வாங்க."

மறுநாள் காலையில் அந்த நிறுவனத்தின் வாசலில் அண்ணியும் கொழுந்தனாரும் லிஃப்டுக்காக நின்றார்கள். இயக்குநரிடம் தொலைபேசியில் அனுமதி வாங்குவது சுலபமாக இருந்தது. விசாரணை நியாயமாக நடக்கிறது என்று சொல்ல வெளியாள் ஒருவர் இருந்தால் நல்லது என்று அவருக்கே தோன்றியிருக்கிறது.

இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை அங்கியில் ஒருவர் வேகமாக வந்தார். லிஃப்ட் பொத்தான் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அவர் அதை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். மேலே எண்ணைப் பார்த்தார். கட்டை விரலால் மாறி மாறிக் குத்தினார். லிஃப்டுக்கு அதனால் ஒரு அவசரமும் வரவில்லை. அதன்பின் அது உழைக்கத் தெரியாத சாதனம் என்ற பார்வையோடு படியில் ஏறிப் போனார்.

அவர்தான் மாப்பிள்ளை என்று இயக்குநரின் அறையில் தெரிந்தது.

இயக்குநரின் அறைச் சுவர் முழுக்க இயக்குநர் இருந்தார். யாருடனோ கை குலுக்கும் இயக்குநர், பொன்னாடை போர்த்திய இயக்குநர், ரிப்பன் வெட்டும் இயக்குநர். ஒரு படத்தில்கூட அவர் கையில் ஒரு சோதனைக் குழாய் இல்லை. மேஜை நடுவில், குற்றவாளியை உட்கார வைத்த மாதிரி, அந்தப் பாட்டில் இருந்தது. கழுத்து வரை நிறைந்திருந்தது. அதில் அந்தப் பெண்ணின் பேர் ஒட்டியிருந்தது.

"ரொம்ப வருத்தமான விஷயம்," என்றார் இயக்குநர், கொஞ்சமும் வருத்தப்படாத குரலில். "நம்பிக்கை வச்சோம். நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை சொன்னார். "சிம்பிள். விருந்தாளிங்க முன்னாடி பாட்டிலை எடுத்தேன், தகட்டுல விட்டேன், ஒண்ணுமே இல்ல. வெறும் குப்பை. ஒரு வருஷமா எங்க காதுல பூ சுத்தியிருக்கா."

"விடறதுக்கு முன்னாடி கடைசிக் குழாய்ல ஓட்டிப் பிரிச்சீங்களா?"

"நானா? அந்தக் குழாய்ப் பக்கமே போகலை. அதெல்லாம் அவ வேலை. முடிச்சு வச்சிருக்கான்னு நினைச்சேன்." அவர் விரல்கள் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன.

"ஒரு வருஷத்துல ஒரு தடவையாவது அவங்க அந்தத் தகட்டைத் தெளிய வச்சு நீங்க பார்த்ததில்லையா?"

மாமனாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நிர்வாகம்னு ஒண்ணு இருக்கே," என்றார் இயக்குநர். "எல்லாத்தையும் நேர்ல பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

அண்ணி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைக் கொழுந்தனாருக்கு நன்றாகத் தெரியும். காப்பீட்டுக் கம்பெனியில் ஒருவருடைய மனுவைக் குப்பைக் கூடையில் போடுவதற்கு முன்பும் அவர் இப்படித்தான் மரியாதையாகத் தலையாட்டியிருப்பார்.

குளிர் அறைக்கு அழைத்துப்போனவர், லேபில் எல்லோரும் 'சட்டம் மேடம்' என்று சொல்கிறவர். அந்த லேபின் மூத்த ஆய்வாளர். சொந்தப் பேர் அவருக்கே மறந்து போயிருக்கலாம். கதவில், அலமாரியில், விளக்குப் பொத்தானுக்குப் பக்கத்தில் எல்லாம் அவர் கைப்பட எழுதிய எச்சரிக்கைகள் ஒட்டியிருந்தன. கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, 'உள்ளே வந்தால் கதவைச் சாத்தவும்' என்பதைப் படித்துவிட்டுச் சாத்தும்படி கொழுந்தனாரிடம் சொன்னார்.

"எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது," என்றார் கேட்காமலேயே. "என் அலமாரித் தட்டுல அவ டப்பாவை வச்சா. அதுலேர்ந்து நிறுத்திட்டேன்."

உள்ளே மூச்சு புகையாக வந்தது. சுவரோரம் அந்தக் கடைசிக் குழாய் நின்றது. ஆள் உயரத்தில் பாதி. உள்ளே வெள்ளை மணிகள் சேறு மாதிரி படிந்திருந்தன. மேலே தண்ணீரை அனுப்பும் பம்ப். அடியில் ஒரு வெள்ளைக் கேன், முக்கால்வாசி நிரம்பி.

அண்ணி குழாயின் மேல்பக்கத்தைக் காட்டினார். மூடிக்கும் மணிகளுக்கும் நடுவே இரண்டு விரல் அளவுக்கு இடைவெளி இருந்தது.

"இது இப்படித்தான் இருக்குமா?"

சட்டம் மேடம் குனிந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. "யாரோ பம்பை முறுக்கிவிட்டு ஓட்டியிருக்காங்க. இது சொட்டுச் சொட்டா இறங்கணும். பொறுமை இல்லாம வேகத்தைக் கூட்டினா மணியெல்லாம் அமுங்கிப் போயிடும். ஊருக்குப் போற அவசரத்துல அவதான் செஞ்சிருப்பா."

குளிரில் நிற்க முடியாமல், ஏதாவது உபயோகமாகச் செய்வோம் என்று கொழுந்தனார் கேனைத் தூக்கினார். "இதைக் கொட்டிட்டு வந்துடவா? நடக்கிற வழியில இருக்கு."

"வைங்க கீழ," என்றார் சட்டம் மேடம். அறையின் குளிர் அந்தக் குரலுக்கு முன்னால் ஒன்றுமில்லை. "ஓட்டினவங்க கேனை ஓட்டினவங்கதான் கொட்டணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது. ஒட்டியிருக்கேன் பாருங்க."

ஒட்டித்தான் இருந்தது. கொழுந்தனார் கேனைக் கீழே வைத்தார். அண்ணி அந்தக் கேனையும் எச்சரிக்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாட்டில்ல இருக்கிறதை யார் சோதிச்சது?"

"நான்தான்."

"என்ன இருந்துச்சு?"

"பெரிய சைஸ் புரோட்டீன் மட்டும். சின்னது துளிகூட இல்ல."

"அதை இயக்குநர்கிட்டச் சொன்னீங்களா?"

"அவளோட புரோட்டீன் இருக்கான்னு கேட்டார். இல்லைன்னேன். பெருசு மட்டும் இருக்குன்னும் சொன்னேன். அப்போ குப்பைன்னு சொல்லுங்கன்னார். சரின்னேன்." அவர் கொஞ்சம் தயங்கினார். "கேட்டதுக்கு மேல பேசறது என் பழக்கம் இல்ல."

அண்ணி அவரிடம் சில சாமான்களைக் கேட்டார். கை நீளத்தில் ஒரு சின்னக் குழாய், அதே மாதிரி மணிகள் நிரப்பி. குழாய் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வைத்திருக்கும் சாயங்கள் இரண்டு. பால் தகடு ஒன்று. எதற்கு என்று சட்டம் மேடம் கேட்கவில்லை. ஆனால் கேனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்து கைகளைத் தேய்த்துக்கொண்டே கொழுந்தனார் கிசுகிசுத்தார். "அண்ணி, கண்டுபிடிச்சிட்டேன். அந்தம்மாதான். குழாயை ஓட்டி, நல்லதைத் தனக்கு எடுத்துக்கிட்டு, குப்பையைப் பாட்டில்ல திருப்பி ஊத்தி வச்சிருக்காங்க. வேலையும் தெரியும், பகையும் இருக்கு."

"பரவாயில்லையே," என்றார் அண்ணி. கொழுந்தனார் பூரித்துப் போனார். "பாதி சரி. யாரோ குழாயை ஓட்டியிருக்காங்க. கலந்து இருந்தது தானாப் பிரியாது. ஆனா அந்தம்மா வீட்ல பால் காய்ச்சினாக்கூட விதிப்படிதான் காய்ச்சுவாங்க. பம்பை முறுக்கி மணியை அமுக்குவாங்களா? ஓட்டிட்டுக் கேனைக் கொட்டாமப் போவாங்களா? செத்தாலும் மாட்டாங்க."

"அப்போ இயக்குநர்?"

"அவர் கடைசியா அந்த அறைக்குள்ள போனப்போ உங்களுக்குத் தலையில முடி இருந்திருக்கும்."

கொழுந்தனார் தலையைத் தடவிக்கொண்டார்.

மத்தியானம் கமிட்டி கூடியது. மூன்று பேர். ஒருவர் குற்றம் சாட்டியவர். இன்னொருவர் அவருடைய மாமனார். மூன்றாமவர் சட்டம் மேடம். இப்படி ஒரு கமிட்டியை அமைத்துவிட்டு, அதை நியாயமானது என்று சொல்ல வெளியாளையும் கூப்பிடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும் என்று கொழுந்தனாருக்கே தோன்றியது. அந்தப் பெண் மேஜையின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். கைகளைக் கோத்து மடியில் வைத்திருந்தாள். அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "சீக்கிரம் முடிச்சிடலாம்."

"எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் சார்," என்றார் அண்ணி. "நான் படிக்காதவ இல்ல. ஆனா இந்தப் படிப்பு இல்ல. எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்களோ அதுல கையெழுத்துப் போடணும்னா, இந்தக் குழாய் எப்படிப் பிரிக்குதுன்னு ஒரு தடவை கண்ணால பாத்துடறேன்."

மேஜையில் சின்னக் குழாய் ஒரு தாங்கியில் நின்றது. பக்கத்தில் ஊதா நிறத்தில் கொஞ்சம் திரவம். "இதுல ரெண்டு சாயம் கலந்திருக்கு. நீலம் பெருசு. சிவப்பு ஏதோ வைட்டமினாம், ரொம்பச் சின்னது. எனக்குச் சிவப்பு வேணும். நீலம் வேண்டாம். யாராவது பிடிச்சுத் தர முடியுமா?"

சட்டம் மேடம் எழுந்திருக்கப் போனார்.

"நீங்க உக்காருங்க மேடம். சார் இருக்காரே." அண்ணி மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். "பிரிவுக்குத் தலைவரே அவர்தானே."

மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. பெண்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு வித்தை காட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தை அவர் விடுகிற ஆள் இல்லை. ஊதாவை மேலே ஊற்றினார். அதன்மேல் தண்ணீர் ஊற்றினார். அது இறங்குவதற்குள் குழாயை விரலால் தட்டினார். பிறகு ஒரு சுத்தமான சோதனைக் குழாயை எடுத்து அடியில் தயாராகப் பிடித்துக்கொண்டார். கழிவுக்கு வைத்திருந்த கண்ணாடிக் குவளையைப் பக்கத்தில் நகர்த்தினார்.

"முதல்ல வர்றதைப் பிடிக்கப் போறீங்களா?" என்றார் அண்ணி.

"பின்ன? சின்னதுதானே முதல்ல வரும். அது வந்ததும் மீதியைக் கழிவுல விட்டுடலாம். அடிப்படை விஷயம் இது."

அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள். சட்டம் மேடம் கம்பளித் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஊதா கீழே இறங்க இறங்க இரண்டாகப் பிளந்தது. கீழே ஒரு நீல வளையம். அதற்குப் பின்னால், கடை கடையாக நுழைந்து வருகிற மாதிரி, ஒரு சிவப்பு வளையம். முதல் நிறச் சொட்டு விழுந்தது. மாப்பிள்ளையின் கையிலிருந்த சோதனைக் குழாயில் நீலம் ஏறியது. குவளையைக் குழாயின் அடியில் தள்ளிவிட்டு அவர் அதைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு, கழிவுக் குவளைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

"மணி சரியில்ல," என்றார்.

"நீங்க எது முதல்ல வரும்னு நினைச்சீங்க சார்?" அண்ணி இயக்குநரைக் கேட்டார்.

இயக்குநர் மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் கஷ்டப்பட்டு வந்தது. "நீலம்."

"ஏன்?"

"பெருசு முன்னாடி வரும். சின்னது ஓட்டைக்குள்ள போயிட்டு வரும்." பல வருஷங்களுக்கு முன்னால், சுவரில் படங்கள் ஏறாத காலத்தில், அவர் தன் கையால் செய்த வேலை அது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

அண்ணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இந்தப் பாட்டிலைப் பாருங்க. இவங்க வச்சப்போ அடியில ஒரு விரல் உசரம். இப்ப கழுத்து வரைக்கும் இருக்கு. அலமாரியில சும்மா இருந்த பாட்டில் எப்படி நிறையும்? குழாய்ல ஓட்டினா தண்ணியோட சேர்ந்து வெளிய வரும், அப்பத்தான் பெருகும். சரி, ஓட்டினது யாரு? திருடணும்னு ஓட்டியிருந்தா நல்லதை எடுத்துக்கிட்டு ஓடியிருப்பாங்க. வேலை தெரிஞ்சவங்க ஓட்டியிருந்தா பின்னாடி வர்றதைத்தான் பிடிச்சிருப்பாங்க. இது ரெண்டும் இல்லாத ஒருத்தர். விருந்தாளிங்க வந்துட்டாங்க, அந்தப் பொண்ணு ஊர்ல இல்ல, ஒரே ஒரு குழாய்தான் பாக்கி. அதை ஓட்டி முடிச்சிட்டா மொத்த வேலையும் தன்னோடதுன்னு அவங்க முன்னாடி நிக்கலாம். சொட்டுச் சொட்டா இறங்கற வரைக்கும் நிக்கப் பொறுமை கிடையாது. பம்பை முறுக்கினார். முதல்ல வந்ததைப் பிடிச்சார். மீதியை விட்டுட்டார். வேற பாட்டில் கழுவச் சோம்பேறித்தனம், அதே பாட்டில்ல ஊத்திட்டார். தகடு தெளிஞ்சிருந்தா லேபிளைக் கிழிச்சிருப்பார். தெளியலை. லேபிள் உதவியா இருந்துச்சு."

"இது வெறும் ஊகம்," என்றார் மாப்பிள்ளை. குரல் உயரவில்லை. அதைவிட விசேஷம், அவர் நிஜமாகவே குழம்பியிருந்தார். "அதுல ஒண்ணுமே இல்லாததாலதான் தகடு தெளியலை. அவ ஏமாத்தினது ஏமாத்தினதுதானே?"

"இதுதான் எனக்குத் தாங்கலை," என்றார் அண்ணி. "நான் எத்தனையோ திருடங்களைப் பாத்திருக்கேன். எதைத் தொலைச்சோம்னுகூடத் தெரியாம, தொலைச்ச பொருளே பொய்யின்னு சாதிக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்." அவர் இயக்குநர் பக்கம் திரும்பினார். "இவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் சார். பாட்டில்ல பெருசு மட்டும் இருக்குன்னு இந்த மேடம் சொன்ன நிமிஷமே உங்களுக்குப் புரிஞ்சிருக்கணும். புரிஞ்சுக்காம இருக்கிறது வசதியா இருந்துச்சு."

இயக்குநர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் என்று கொழுந்தனாருக்குத் தோன்றவில்லை.

"அப்போ என் புரோட்டீன்?" அந்தப் பெண் முதல் தடவையாக வாய் திறந்தாள். "மீதியை விட்டுட்டார்னா..."

"கழிவுல விட்டார். அந்தக் கேன் முக்கால்வாசி நிறைஞ்சு நிக்குது. நீங்க அதைக் கொட்டிக் கவுத்துட்டுப் போனதாச் சொன்னீங்க. அதுல இப்ப இருக்கிறது உங்களுக்கப்புறம் ஓட்டினவரோடது. இந்த லேப்ல ஓட்டினவங்கதான் கொட்டணும்னு ஒரு விதி. இவரோ தன் வாழ்க்கையில தான் உபயோகிச்ச எதையும் கழுவினதே இல்ல. விதியை மீறாத ஒருத்தரும், வேலை செய்யாத ஒருத்தரும் சேர்ந்து உங்க ஒரு வருஷத்தைக் காப்பாத்தி வச்சிருக்காங்க."

சட்டம் மேடம் ஏற்கெனவே எழுந்து போயிருந்தார். அவர் கேனைக் கொண்டுவரவில்லை. அதில் கை வைப்பது விதிக்கு விரோதம். கேனிலிருந்து ஒரு சொட்டைத்தான் எடுத்து வந்தார். பால் தகட்டில் அதை விட்டார்.

"நிறையத் தண்ணி கலந்திருக்கும். நேரமாகும்," என்றார்.

எல்லோரும் அந்த வெள்ளைத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பார்த்தார். கொழுந்தனார் தான் அந்தக் கேனைத் தூக்கியதை நினைத்துக்கொண்டார். இன்னும் நாலு எட்டு நடந்திருந்தால் சாக்கடையில் கொட்டியிருப்பார். இதை அண்ணி ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவார் என்பது நிச்சயம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளை கொஞ்சம் மங்கியது. மங்கிய இடம் மெல்ல மெல்லத் தெளிந்து, அடியில் மேஜையின் மரக்கோடு தெரிந்தது.

அந்தப் பெண் அதைத் தொடப் போனாள். தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். சட்டம் மேடம் அவளைப் பார்க்காமல், தகட்டைப் பார்த்தபடியே சொன்னார். "கேனைக் கொண்டு போய் இன்னைக்கே தண்ணியைக் குறைச்சுச் சுருக்கி எடுத்துடு. என் தட்டுல இடம் இருக்கு. வச்சுக்கோ." எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது.

இயக்குநர் நிமிர்ந்தார். "பாருங்கம்மா, கமிட்டி கலைஞ்சுது. உங்க வேலை உங்களுக்கு. விருந்தாளிங்களுக்கு நானே எழுதறேன். இது மட்டும்... வீட்டு விஷயம். வெளிய போகாம..."

"நடந்தது என்னவோ அதை அப்படியே எழுதுங்க. இல்லைன்னா நான் எழுதுவேன்," என்றாள் அந்தப் பெண். "யார் ஓட்டினார், எதைப் பிடிச்சார், எதைக் கழிச்சார். எல்லாத்தையும்."

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு நேரம் நடந்ததில் அவர் விளங்கிக்கொண்டது அது ஒன்றுதான் போலிருந்தது.

"ஒரு நிமிஷம். கேன்ல இருக்கிறது சுத்தமான புரோட்டீன்தானே? அப்போ அதைப் பிரிச்சது நான்தானே? எழுதும்போது என் பேரும் வரணும் இல்லையா?"

இயக்குநர் கண்களை மூடிக்கொண்டார்.

அண்ணி மேஜையிலிருந்த பாட்டிலை எடுத்தார். அந்தப் பெண்ணின் பேர் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் கிளப்பி, நிதானமாக உரித்து எடுத்தார். பாட்டிலை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"நியாயம்தான். நீங்கதான் பிரிச்சீங்க. எதை வேண்டாம்னு கழிச்சீங்களோ அது அவங்களோடது. எதை ஆசையாப் பிடிச்சு வச்சுக்கிட்டீங்களோ அது உங்களோடது. பேர் போட்டு வச்சுக்கோங்க."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார்.

"வாங்கிக்கோங்க மாப்பிள்ளை," என்றார் இயக்குநர், கண்ணைத் திறக்காமலேயே.

அண்ணியும் கொழுந்தனாரும் படியில் இறங்கும்போது மாப்பிள்ளை லிஃப்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கழுத்து வரை நிறைந்த குப்பைப் பாட்டில். இன்னொரு கையால் எரிந்துகொண்டிருந்த பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தார்.